மறு: மறு: கலைச்சொல் தேவை, புதன்கிழமைக்குள் (தண்ணீருக்குள் ஓடும் படகு மோட்டார்)

அஸ்தம்பட்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். டிப்ளமோ இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மின்படகு பற்றித் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். புதன்கிழமை நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும். மோட்டார் படகின் அடியில், தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. 2,000 வாட் கொடுத்து 85 விழுக்காடு சுழற்சியாக மாறினால், மீதி 300 வாட் சூடாகத்தான் நிற்கும். ஐந்து 60 வாட் குண்டு பல்பை ஒரு குழாய்க்குள் அடைத்த மாதிரி. அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள தண்ணீரே வாங்கிக்கொள்கிறது. இதற்கு 'நீர்வழிக் குளிர்விப்பு' என்று எழுதியிருந்தேன். "ரேடியேட்டர் மாதிரி தண்ணி உள்ள ஓடுமுங்களா மேடம்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். அவன்மேல் தப்பில்லை, என் சொல்தான் அவனை அங்கே கொண்டுபோய் விட்டது. வேறு சொல் தாருங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து:

அம்மா, கோளாறு நீரில் இல்லை, 'குளிர்விப்பில்' இருக்கிறது. குளிர் என்றால் மார்கழி. மோட்டார் எங்கே குளிர்கிறது? சூடு ஆறுகிறது, அவ்வளவே. ஆறு தன்வினை, ஆற்று பிறவினை. சோறு ஆறும், பாலை ஆற்றுவோம். ஔவை 'ஆறுவது சினம்' என்றாளே தவிர, குளிர்வது சினம் என்றா சொன்னாள்? ஆகவே 'நீராற்று' என்க. ஓடும் நீருக்கு ஆறு என்று பெயர் வந்ததே நிலத்தின் வெம்மையை ஆற்றுவதால்தான் என்பது என் நெடுநாள் துணிபு. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, விரிவாக வேண்டாம். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்று நீங்கள்தானே எங்களுக்குப் பாடம் எடுத்தீர்கள். காப்பித் தோட்டத்துக்காரன் நான், ஆற்றுவதில் எனக்குப் பகை இல்லை. ஆனால் 'நீராற்று' என்று தாளில் பார்த்தால் மேட்டூர்க்காரர் காவிரியைத்தான் நினைப்பார். அதைப் பெயராக்கினால் 'நீராற்றல்' ஆகிவிடும். பையன்கள் மேட்டூர் அணையில் மின்சாரம் எடுக்கிற கணக்கைப் போட்டு வைப்பார்கள். 'தணிப்பு' போதாதா? தாகம் தணிகிறது, வெப்பமும் தணியட்டுமே.

அம்மாபேட்டையிலிருந்து:

தணிப்பது மருந்து, ஆற்றுவது நீர். மேலும் தாங்கள் வாழும் ஊர் ஏரி + காடு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். 'ஏர்' என்பதற்கு அழகு என்றும் பொருளுண்டு. யோசியுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து:

வணக்கமுங்க. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுறவன், இலக்கணம் தெரியாது. கடையில நாங்க கூலிங்னுதான் சொல்றோம். ஆனா ஒண்ணு சொல்லணும். போன மாசம் ஓமலூர்ப் பக்கமிருந்து ஒரு போர் மோட்டார் வந்துச்சு. பாடி பூரா உப்பு படிஞ்சு, சுண்ணாம்பு பூசின செவுரு மாதிரி. சுத்தியால தட்டினா முட்டை ஓடாட்டம் பெயர்ந்து விழுது. உள்ள காயில் கரிக்கட்டை. தண்ணிக்குள்ளயே இருந்த மோட்டார்ங்க அது! சூடு வெளிய வர வழியில்லாம வெந்துபோச்சு.

தண்ணி சுத்தி நின்னா மட்டும் பத்தாது, உரசிக்கிட்டுப் போகணும். போர்ல மோட்டார் கீழ, பம்பு மேல வெக்கிறது எதுக்கு? பம்பு இழுக்கிற தண்ணி மோட்டாரைத் தடவிட்டு மேல போகட்டும்னுதான். ஊத்து மோட்டாருக்கு மேல இருந்தா தண்ணி நேரா பம்புக்குப் போயிரும், மோட்டார் சும்மா நின்ன தண்ணியில காயும். அதுக்கு ஒரு பைப்பை உறையாட்டம் மாட்டி, தண்ணியைக் கீழ சுத்தி வர வெப்போம். படகுல விசிறியே தண்ணியைத் தள்ளுறதால அந்தக் கவலை கம்மி. இன்னொண்ணு மேடம், போர் மோட்டாருக்கு உள்ளயும் தண்ணி ஊத்தித்தான் இறக்குறோம். வயருக்குப் பிவிசி உறை இருக்கும். அந்தத் தண்ணி வெளிய ஓடாது, காயில் சூட்டைப் பாடிக்குக் கடத்தும். வெறும் காத்தா இருந்தா சூடு அவ்வளவு சுளுவா வராதுங்க.

அஸ்தம்பட்டியிலிருந்து:

இதைத்தான் நான் இரண்டு பக்கம் எழுதிக் குழப்பியிருக்கிறேன். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்ற வரியை இந்தக் கதைக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன், அனுமதி உண்டுதானே அண்ணா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

முதலில் 'மோட்டாரை' விடுங்கள். மின்னோடி. 1881-ல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே சேன் ஆற்றில் மின்படகு ஓட்டியபோது மின்னோடியைச் சுக்கானின் தலையில், தண்ணீருக்கு மேலே வைத்துச் சங்கிலியால் விசிறியைச் சுழற்றினார். அன்றே நாம் பெயர் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேட்டதற்கு வருகிறேன். 'சூழ்நீர்'. வினைத்தொகை. சூழ்ந்த நீர், சூழ்கின்ற நீர், சூழும் நீர், மூன்று காலமும் உள்ளே கரந்து நிற்கிறது. சூரமங்கலத்து அன்பர் 'உரசிக்கிட்டுப் போகணும்' என்றாரே, புதுப்புது நீர் வந்து சூழ்வதும் அதில் அடங்கிவிடும். நீர் வெளியே என்பதும் தெளிவு. பின்பாதியில் எதையும் ஒட்டுங்கள், குளிர்விப்பைத் தவிர.

ஏற்காட்டிலிருந்து:

முன்பாதிக்கு என் ஓட்டு. பின்பாதிக்குக் குளிர்விப்பே இருக்கட்டும் என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளைகள் ஏற்கெனவே படித்த சொல். தணிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து:

ஒரே இரவில் கட்சி மாறியதைக் குறித்துக்கொண்டேன். என் சொல் 'சூழ்நீர்ச் சூடாற்று'. யாரும் ஏற்காவிட்டாலும் என் சொல் அதுவே.

சூரமங்கலத்திலிருந்து:

இன்னொண்ணுக்கும் பேரு வேணுமுங்க. உள்ள தண்ணி ஊத்தாத மோட்டாரா இருந்தா, ஓடிச் சூடானதை நிறுத்தினதும் உள்ள இருக்கிற காத்து ஆறிச் சுருங்கும். சீல் தேஞ்சிருந்தா வெளித் தண்ணியை உள்ள உறிஞ்சிரும். பாதி மோட்டார் ஓடும்போது சாகறதில்லை, நின்னப்புறம்தான் சாகுது.

அம்மாபேட்டையிலிருந்து:

'ஆறி' என்றார், கவனித்தீர்களா? குளிர்ந்து என்று சொல்லவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து:

கவனித்தேன் ஐயா. ஆனால் செவ்வாய் இரவு மணி பதினொன்று. 'சூழ்நீர்க் குளிர்விப்பு' என்று போட்டுவிட்டேன். தங்கள் சொல்லை அடைப்புக்குறிக்குள் தந்திருக்கிறேன். மோட்டார் மோட்டாராகவே இருக்கிறது, செவ்வாய்ப்பேட்டையார் மன்னிக்கவும். சீல் உறிஞ்சுவதற்கு அடுத்த வாரம்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

வியாழன் செய்தி. இன்று பதிவேடு திருத்தினேன். எட்டுப் பேர் 'சூழ்நீர் கூலிங்' என்று எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே ஓடுவதாக ஒருவரும் எழுதவில்லை. மதிப்பெண் போட்டுவிட்டேன்.

அம்மாபேட்டையிலிருந்து:

'சூழ்நீர்க் கூலிங்'. ஒற்று மிகும்.