டோல்கேட்டில் கட்டுவது எதற்கு?

ஊர்க்குருவி:
எங்கள் ஊருக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே ஒரு டோல்கேட். தக்காளிக் கூடையோடு போனால் நெடுஞ்சாலையில் நான் ஓட்டுவது 4 கிலோமீட்டர். கட்டணமோ முழு 60 கிலோமீட்டருக்கு. பெட்ரோலில் சாலைக்கென்று செஸ் என்ற கூடுதல் வரி, வண்டிக்குச் சாலை வரி, அப்புறம் இதுவுமா? மதுரைப் பக்கம் கப்பலூர் டோல்கேட்டில் திருமங்கலத்துக்காரர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடுவது சும்மா இல்லை.

நாலுவழி:
சாலை வரி மாநில அரசுக்குப் போகிறது. செஸ் மத்திய அரசுக்கு, சரி. ஆனால் எல்லாச் செலவையும் செஸ்ஸில் போட்டால், எக்ஸெல்லில் பால் கேன் கட்டிப் போகிறவரும் உங்கள் கார் ஓடும் சாலைக்குப் பணம் கொடுப்பார். டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. அதோடு 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மாதப் பாஸ் இருக்கிறதே!

ஊர்க்குருவி:
அந்தப் பாஸ் சொந்தக் காருக்கு. தக்காளி போவது குட்டி யானையில். அதற்கு மாவட்டப் பதிவு என்று பாதிக் கட்டணம், ஒவ்வொரு நடைக்கும். தக்காளி கிலோ 8 ரூபாய்க்குப் போகிற வாரத்தில் அந்தப் பாதியும் கடிக்கும்.

பத்துச்சக்கரம்:
நான் லாரிக்காரன். நல்ல சாலையில் டயரும் டீசலும் மிச்சம், அதனால் கட்டுவதில் வருத்தமில்லை. சாலை எப்படி இருந்தாலும் ஏப்ரல் 1 ஆனால் கட்டணம் ஏறுகிறதே, அதுதான் எரிச்சல். ஆண்டுக்கு 3 சதவீதம் தானாக, அதற்கு மேல் மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம். பள்ளத்துக்குக் குறியீடு கிடையாது.

ஊர்க்குருவி:
அதைத்தான் கேரளத்தில் கேட்டார்கள். இடப்பள்ளி–மண்ணுத்தி 65 கிலோமீட்டரில் அடிப்பாதை வேலைகளால் ஒரே நெரிசல். 2025 ஆகஸ்ட் 6 அன்று அந்தச் சாலையின் பாலியேக்கரை டோல்கேட் வசூலையே கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உச்ச நீதிமன்றம் போயும் பலிக்கவில்லை. அக்டோபரில்தான் மறுபடி வசூல்.

நாலுவழி:
சாலை கெட்டால் வசூலை நிறுத்துங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். டோலே வேண்டாம் என்பதுதான் ஆகாது. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றி 2013 டிசம்பரில், சாவடி இல்லாமல் பில் அனுப்பும் இ-டோல் தொடங்கினார்கள். பெரும்பாலோர் பில்லைக் கட்டவே இல்லை. 2024 ஏப்ரலில் மூடினார்கள். சாலைக்கு வாங்கிய கடன் மூடவில்லை, அந்நாட்டு மத்திய அரசும் கௌடெங் மாகாணமும் சுமக்கின்றன. அந்தச் சாலையைக் கண்ணால் பார்க்காதவன் வரியும் அதில் போகிறது.

ஊர்க்குருவி:
கடன் என்றால் பாக்கி தெரிய வேண்டாமா? அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் 2023 அறிக்கையைப் பாருங்கள். செங்கல்பட்டுப் பக்கம் பரனூர் டோல்கேட்டில் 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை கடந்த வண்டிகளில் பாதிக்கு மேல் விலக்குக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பேர் விஐபி! எங்கள் ஊர்ச் சாவடிப் போர்டிலும் குடியரசுத் தலைவர் தொடங்கி விலக்குப் பட்டியல் நீளமாக இருக்கிறது. இதுவரை வசூல் எவ்வளவு, இன்னும் எவ்வளவு என்ற வரியை மட்டும் காணோம்.

நாலுவழி:
அந்த வரி இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

பத்துச்சக்கரம்:
இருந்தாலும் நின்று படிக்க முடியாது அண்ணே, பின்னால் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான்.