காற்றுத் துப்பாக்கிக் குழலுக்குப் பிடித்த ரவை எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒத்தக்கடையிலிருந்து:

வணக்கம். எனக்கு நகை வேலை. மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு பட்டறையில் 22 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பிலிருந்து ஏர் ரைபிள் (காற்றுத் துப்பாக்கி) சுடுகிறாள், 10 மீட்டர் போட்டி. அவள் ஆரம்பிக்கும் வரை துப்பாக்கியோடு எனக்கு இருந்த பழக்கம், தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடந்தபோது பலூன் சுட்டது மட்டும்தான். ரவை, அதாவது அதில் போடும் சின்ன ஈயக் குண்டு விஷயத்தில் ஒன்றரை வருடம் அலைந்த பிறகு எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் பிள்ளை அழாமல் இருந்தால் போதும்.

முதலில் இந்த விளையாட்டின் அளவைச் சொல்லிவிடுகிறேன். அட்டையின் நடுவில் 10 என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ரவையின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். இப்போது தசமக் கணக்கு வேறு: சரியாக நடுவில் பட்டால் 10.9, அதிலிருந்து விலகும் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 போய்விடும். 60 ரவைக்கும் 10.9 எடுத்தால் 654. மகள் அப்போது 604, 605 எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் 10.2, 10.4 என்று போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒன்று 9.5. பயிற்சியாளர் விரலைப் பார் என்றார், மூச்சைப் பார் என்றார். அவளும் பார்த்தாள். ஒரு நாள் வண்டியில் வரும்போது, "அப்பா, அந்த ஷாட்டை நான் தப்பா விடலப்பா" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. யானைமலை திருப்பம் வரும் வரை பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள்.

அப்போதுதான் ரவையைச் சந்தேகப்பட்டேன். விற்பவரிடம் கேட்டபோது, பெரிய வீரர்கள் எல்லாம் இதைத்தான் சுடுகிறார்கள் என்று இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவைக் கொடுத்தார். வாங்கி வந்தேன். மாற்றம் ஒன்றும் இல்லை.

சரி, என் தொழில் எடை பார்ப்பதுதானே என்று பட்டறைத் தராசை எடுத்தேன். போட்டி ரவை ஒன்று 0.53 கிராம். எங்கள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 2 மஞ்சாடி. 500 ரவையையும் ஒவ்வொன்றாக நிறுத்தேன். 528, 530, 533 மில்லிகிராம் என்று தனித்தனிக் கிண்ணத்தில் போட்டேன். இரவு பதினொன்றரை வரை இந்த வேலை. கண்ணில் லூப் (நகைக்காரர் பூதக்கண்ணாடி) மாட்டிக்கொண்டு பார்த்தால் ரவையின் உருவம் எவ்வளவு அழகு! தட்டைத் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கீழே விரிந்த பாவாடை. பாவாடையின் விளிம்பு முடி அளவுக்கு நெளிந்திருந்தாலும் லூப்பில் தெரிந்துவிடும். அப்படி 11 ரவையை ஒதுக்கினேன்.

தேர்ந்தெடுத்த ரவையோடு போனாள். 606.

தம்பி மகன் பொறியியல் படிக்கிறான். அவன்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். ரவை வினாடிக்கு 170 மீட்டர் சொச்சம் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் சுமார் 17 மில்லிமீட்டர் தணிகிறது. எடையில் 5 மில்லிகிராம் மாறினால் அந்தத் தணிவில் வரும் வித்தியாசம் 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே. ஒரு தசமத்தைக்கூடத் தொடாது. நான் எட்டு ராத்திரி உட்கார்ந்து பிரித்தது அந்த அளவுக்குத்தான். நல்ல போட்டி ரவையை எடை பார்த்துப் பிரிக்காதீர்கள். நெளிந்ததைக் கண்ணால் பார்த்து ஒதுக்கினால் போதும்.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. ரவை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் தலையின் அளவு போட்டிருக்கும்: 4.49, 4.50, 4.51. பக்கத்திலோ அடியிலோ லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்கின் எண், இருக்கும். தலைதான் குழலின் உள்ளே சுற்றிச் செல்லும் வரிப்பள்ளமான புரியைப் பிடித்து வழி போகிறது. பாவாடை காற்றின் அழுத்தத்தில் விரிந்து பின்னால் அடைக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலைதான். ஆனால் வேறு லாட் என்றால் அது வேறு அச்சிலோ தேய்ந்த அச்சிலோ வந்த ரவையாக இருக்கலாம். எங்கள் பட்டறையிலும் அப்படித்தான்: அச்சு தேயத் தேய அதில் அடிக்கிற மணியும் மாறும். இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

துப்பாக்கியை வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில்) கட்டிச் சுட்டுப் பார்க்க ஒரு ஏற்பாடு கிடைத்தது. தாடைக்கு ரப்பர் வைத்து, குழலை நெரிக்காமல் பிடிக்க வேண்டும். கையும் மூச்சும் இல்லை, ரவையும் குழலும் மட்டும். ஏழு வகை டப்பா கொண்டுபோனேன். முதல் டப்பாவில் 5 ரவை சுட்டோம். ஐந்தும் ஒரே ஓட்டை, விளிம்பிலிருந்து விளிம்பு 5.2 மில்லிமீட்டர். இதுதான் நம் ரவை என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "இன்னும் பத்து சுடு தம்பி" என்றார். சுட்டோம். ஆறாவதும் ஒன்பதாவதும் வெளியே. 7.4. அந்த இரண்டும்தான் அவள் சொன்ன 'நான் தப்பா விடாத ஷாட்'.

அன்றைக்கு முடிவு செய்தேன்: 5 ரவையை நம்பவே கூடாது. ஒவ்வொரு டப்பாவுக்கும் பத்துப் பத்தாக மூன்று முறை. டப்பா மாற்றும்போது புதிய ரவையில் பத்துப் பதினைந்து வீணாகச் சுட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும், பழைய ஈயத்தின் பூச்சு உள்ளே இருக்கும். குழலைத் துடைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடவே சுட வேண்டும்.

கடைசியில் வென்றது நடுத்தர விலையில் ஒரு 4.49 ரவை. மூன்று முறையும் 5.6-க்குள் நின்றது. விலை கூடியது நான்காவது இடம். பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, ஏனென்றால் அதே லாட்டைத் தோழியின் துப்பாக்கியில் போட்டோம், அங்கே 7-ஐத் தாண்டியது. இரண்டும் ஒரே மாடல் துப்பாக்கி. அந்த லாட்டில் கிடைத்த 14 டப்பாவையும் வாங்கி வைத்துவிட்டேன். மகள் இப்போது 610-க்குப் பக்கம். அதில் ரவையால் வந்தது இரண்டோ மூன்றோ புள்ளிதான், மீதி அவள் உழைப்பு. ஆனால் 9.5 விழுந்தால் அது தன் தவறுதான் என்று இப்போது அவளுக்குத் தெரிகிறது. திருத்திக்கொள்கிறாள்.

உங்கள் குழலுக்கு எது பிடித்தது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து:

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. என் அனுபவம் வேற மாதிரி. உங்களுடையது சிலிண்டர் காற்றில் சுடுவது, என்னிடம் இருப்பது ஸ்பிரிங் துப்பாக்கி, குழலை மடக்கி இழுக்கிற வகை. உங்களைப் போல நானும் அதை வைஸில் இறுக்கிக் கட்டிச் சுட்டேன். எந்த ரவையும் சேரவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது, ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கவே கூடாது. உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறபோது துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் ஒரு உதறு உதறும். அந்த உதறல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்க விட வேண்டும். இடது உள்ளங்கையில் சும்மா ஏந்திக்கொண்டு, தோளில் லேசாகத் தொட்டுக்கொண்டு சுட்டேன். அதே ரவை பாதி அளவுக்குச் சேர்ந்தது. ரவையைக் குறை சொல்வதற்கு முன்னால் ஸ்பிரிங்காரர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

நான் தோட்டத்தில் வரப்பு மேட்டை முட்டுக் கொடுத்து 20, 25 மீட்டரில் அட்டை சுடுகிறேன். அந்தத் தூரத்துக்குத் தட்டைத் தலை ரவை ஆகாது, காற்றில் தள்ளாடும். உருண்டைத் தலைதான் சரி. மலிவு டப்பாவில் பாவாடை நசுங்கியது நிறைய வரும். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் பத்தில் மூன்று முட்டை வடிவில் இருக்கும். அதை எல்லாம் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்து, கை பழக மட்டும் சுடுகிறேன். கொட்டிய கையைப் பார்த்தால் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். அது ஈயம். சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறது, மயில் கொத்துகிறது. அக்கம்பக்கத்தில், கையில் துப்பாக்கி இருக்கிறதே என்று கேட்கிறார்கள். மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டால் ஜெயில்தான். பன்றி விஷயம் வனத்துறை முடிவு செய்ய வேண்டியது. சட்டத்தை விடுங்கள், 8, 10 ஜூல் ஆற்றலுள்ள ஈய ரவை பன்றியை என்ன செய்யும்? காயப்படுத்தும், அது பல நாள் புழுத்துச் சாகும். எனக்கு மனசு ஒப்பாது. லைசென்ஸ் இல்லாமல் நாம் வைத்திருக்க முடிவதே 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேல் போகாமல் இருப்பதால்தான். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாராயணபுரத்திலிருந்து:

நான் ஆறு வருடம் டெக்சாஸில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்வது சாதாரணம். பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கிற சிறு பிராணிகளைத் தூரத்திலிருந்து சுட, துல்லியமான ரைபிள் வைத்திருப்பார்கள். கூட வேலை பார்த்தவர் அவர் கராஜில் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இங்கே உரிமம் இல்லாமல் வெடிமருந்தை வீட்டில் தொடவே முடியாது, அதனால் அது அங்கேயே முடிந்த கதை. ஆனால் ஒத்தக்கடை அண்ணன் எழுதியதைப் படித்ததும் அந்த கராஜ்தான் ஞாபகம் வந்தது.

அவருடைய ரைபிள் .223 ரெமிங்டன், பழைய குழல், உள்ளே புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. போட்டிக்காரர்கள் புகழ்கிறார்கள் என்று நான் 69 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு வாங்கிப் போனேன். 100 கஜத்தில் அட்டையைப் பார்த்தால் ஓட்டை வட்டமாக இல்லை, சாவித் துவாரம் மாதிரி நீளமாக இருக்கிறது. குண்டு பக்கவாட்டில் புரண்டு போய் விழுந்திருக்கிறது. எடை கூடினால் குண்டு நீளும், நீண்ட குண்டு நிலையாகச் சுழல வேகமான புரி வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் 50 கிரெயின் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். அதன் பிறகு ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன.

தோட்டாவில் போடும் வெடிமருந்து விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு. தயாரிப்பாளர் அச்சிட்ட கையேட்டில் கொடுத்திருக்கும் ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்குவார், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார், உச்ச அளவைத் தாண்டவே மாட்டார். நான் பார்த்த வரையில் ஓட்டைகள் நெருங்கி விழும் நல்ல குரூப் உச்சத்தில் வந்ததில்லை, அதற்குச் சற்றுக் கீழேதான் வந்தது. ஜனவரிக் குளிரில் சரியாக இருந்த தோட்டாவை ஆகஸ்ட் மாதம் வண்டிக்குள் வெயிலில் வைத்துவிட்டுச் சுட்டோம். தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் தூக்கவே கை வலித்தது. எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமர் தட்டையாகியிருந்தது. சூட்டில் அழுத்தம் ஏறிவிட்டது. அன்றைக்கு மிச்சத் தோட்டாவை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டார். வெயிலில் அதிகம் மாறாத மருந்து வகைகள் தனியாக உண்டு, அடுத்த முறை அதற்கு மாறினார்.

அண்ணே, உங்கள் துப்பாக்கிக்கு மருந்து என்பது காற்றுதான். மதுரை வெயிலில் அதை அடைத்து வைக்கும் சிலிண்டரை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

மறுபடி ஒத்தக்கடையிலிருந்து:

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். போன ஏப்ரலில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வெளியூர் வண்டிக்குக் காத்திருந்தோம். 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடித்த சிலிண்டர் டிக்கியில். திறந்து தொட்டால் கை சுட்டது, முள் 220-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உள்ளே அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இருப்பதால் ரவையின் வேகம் பெரிதாக மாறாது, ஆனால் சிலிண்டர் தாங்கும் சூட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அன்றிலிருந்து அது ஏசி இருக்கும் இடத்தில் மகள் மடியில்தான் வருகிறது. வெயில் காலத்தில் முழுதாக நிரப்புவதும் இல்லை, 170-ல் நிறுத்திவிடுகிறோம். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியையும் எல்லாரும் பாருங்கள், சிலிண்டருக்கு ஆயுள் வரம்பு உண்டு. பழைய துப்பாக்கியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கிறார்கள்.

உசிலம்பட்டித் தம்பி, நீங்கள் சொன்ன ஏந்திப் பிடிக்கிற முறையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னேன். அவனிடமும் ஸ்பிரிங்தான். நேற்று அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். முன்னே ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குச் சிதறியது, இப்போது கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கியிருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 9 வரை வைஸ் காலியாக இருக்கும். சிலிண்டர் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தங்கள் டப்பாவில் 40 ரவையும் லாட் நம்பரை எழுதிய தாளும் கொண்டு வந்தால் சேர்ந்து சுட்டுப் பார்க்கலாம். அளக்க வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) நான் கொண்டுவருகிறேன்.