குயில்ட்டின் பின்பக்கம் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் கண்காட்சி அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். குயில்ட் என்றால் துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. ஹூஸ்டனில் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் நடக்கும் சர்வதேச குயில்ட் திருவிழாவுக்கு முதல்முறை போனபோது, நம் வீடுகளில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்போமே, அதுபோல அழகான போர்வைகள் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவையும் இருந்தன. ஆனால் என்னை நிறுத்தியது சுவரில் மாட்டுவதற்கென்றே செய்த ஆர்ட் குயில்ட் ஒன்று.

ஒரு கிழவரின் முகம். இருபதடி தள்ளி நின்றபோது புகைப்படம் என்றே நினைத்தேன். கிட்டே போனால் தோல் நிறத்தில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை! கன்னம் ஊதா, நெற்றி பச்சைக் கட்டம், கண்ணுக்குக் கீழே ஆரஞ்சுப் பூ. வெளிச்சம் விழும் இடத்தில் வெளிர் துணி, நிழலில் அடர் துணி, அவ்வளவுதான். நிறம் எதுவாக இருந்தாலும் அந்த ஏற்ற இறக்கம் சரியாக அமைந்தால் கண் அதை முகமாகவே பார்த்துவிடுகிறது. அமெரிக்கக் குயில்ட் கலைஞர் பீசா பட்லர் ஆப்பிரிக்க அச்சுத் துணிகளில் கறுப்பின மனிதர்களை ஆளுயரத்துக்குச் செய்வது நினைவுக்கு வந்தது.

அங்கே எதையும் தொடக்கூடாது. கையின் எண்ணெயும் வியர்வையும் துணியில் இறங்கிவிடும். வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள்தான் தொடுவார்கள். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து ஒரு மூதாட்டி வந்து, "பின்பக்கம் பார்க்கிறீர்களா?" என்று கேட்டு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார்.

பின்னால் ஒரே சாம்பல் துணி. அதில் அதே கிழவர், வெறும் தையல் கோடுகளாக! மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல் அல்லவா, அதனால் முன்னே ஓடிய ஒவ்வொரு சுருக்கமும் பின்னேயும் ஓடியிருந்தது. தாடியில் நெருக்கித் தைத்ததால் அட்டைபோலத் தட்டையாக இருந்தது. கன்னத்தில் தையல் குறைவு, அதனால் பஞ்சு உப்பி நின்றது. நிறமே இல்லாத அந்த முகம்தான் எனக்கு அதிகம் பிடித்தது.

என் அப்பாவின் ஊர் கும்பகோணம் பக்கம். தேரில் தொங்கும் தொம்பைகளில் துணி வெட்டி ஒட்டித் தைத்த பூவையும் யாளியையும் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அவற்றின் உட்பக்கம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேட்டுப் பார்க்க வேண்டும்.

பதில் 1

அக்கா, நான் போனது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் பதூகாவுக்கு. சின்ன ஊர், ஆனால் ஏப்ரலில் குயில்ட் வாரம் வந்தால் தங்க அறை கிடைக்காது. நான் மெஷினில் தைப்பவள். ஒரு தையல் குழுவில் மூத்தவர் ஒருவர், "மெஷினில் தைத்தால் அது குயில்ட்டே இல்லை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் துணியையே தொடவில்லை.

பதூகாவின் தேசிய குயில்ட் அருங்காட்சியகத்தில் கேரல் பிரையர் ஃபாலர்ட் என்ற கலைஞரின் 'கொரோனா 2' பார்த்தேன். சூரிய கிரகணத்தைக் காட்டும் குயில்ட். 1989இல் அந்த ஊர்க் கண்காட்சியின் முதல் பரிசை வாங்கியது. மெஷின் தையலுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை, பெரிய வாக்குவாதமே நடந்ததாம். அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். கையால் தைப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதன் அழகு வேறு. ஆனால் அந்த ஒளி அலைகளைப் பார்த்த பிறகு என் மெஷினுக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்த அன்றிரவே எண்ணெய் போட்டு ஓட்டினேன்.

பதில் 2

நான் இங்கிலாந்தில், பர்மிங்காமில் ஆகஸ்ட்டில் நடக்கும் குயில்ட் விழாவுக்குப் போனனான். ஒரு பெண் தன் அப்பாவின் சட்டைகளை வெட்டி மலையும் கடலும் செய்திருந்தா. கொலர்கள்தான் அலைகள். ஒரு பொக்கெட்டை மட்டும் வெட்டாமல் அப்படியே விட்டிருந்தா. பக்கத்தில் நின்ற அவவிடம் ஏன் என்று கேட்டேன். "அப்பா அதில்தான் எனக்கு மிட்டாய் கொண்டுவருவார்" என்றா.

என்னிடம் அம்மம்மாவின் நூல்சேலை நாலு இருக்கு. இன்னும் கத்தரி வைக்க மனம் வரவில்லை. பழைய சேலை, நைந்து போகாமல் தைக்க வழி தெரிந்தால் சொல்லுங்கோ.

பதில் 3

முதல் பதிவு போட்டவள்தான். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஒட்டுத்துணி கடையில் கிடைக்கும். சேலையைத் துவைத்துக் காயவைத்து, வெட்டுவதற்கு முன்பே அதைப் பின்னால் ஒட்டிவிடுங்கள், இழை பிரியாது. ரொம்ப நைந்த இடத்தை விட்டுவிட்டு முந்தானை ஓரத்தில் ஒரு கை அகலம் மட்டும் முதலில் வெட்டிப் பாருங்கள். தைத்ததும் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.