ஆஃபர் லெட்டர் வராமல் இருக்கிற வேலைக்குப் பேப்பர் போடலாமா (ராஜினாமா செய்யலாமா)?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும். நான் அம்பாசமுத்திரம். ஜாவா பேக்கெண்டில் (சர்வர் பக்க புரோகிராமிங்) 4 வருட அனுபவம். சென்னை கம்பெனி ஒன்று இன்டர்வியூ என்று இழுத்தடிக்கிறது.

கோடிங் டெஸ்ட் முடிந்ததும் 'சின்ன வேலைதான்' என்று ஒரு அசைன்மெண்ட் கொடுத்தார்கள். ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸ், டாக்கர் என்று சனி ஞாயிறு முழுக்கப் போனது. அடுத்த ரவுண்டில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை! கேமராவை அணைத்து வைத்திருந்தவர் பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடும் பாடப்புத்தகக் கணக்கைப் போடச் சொன்னார். அப்புறம் நேரில் வரச் சொன்னார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழும்பூரில் இறங்கிப் போனால், ஒரு அறையில் லேப்டாப்பைத் திறந்து பெங்களூர்க்காரரோடு வீடியோ காலில் பேச வைத்தார்கள். அதை அம்பையிலிருந்தே பேசியிருக்க மாட்டேனா?

இப்போது எச்.ஆர். 'எல்லாம் பாசிட்டிவ், இன்னும் ஒரு ரவுண்டு' என்கிறார். தேதி மட்டும் சொல்வதில்லை. இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கு 90 நாள் நோட்டீஸ், அதனால் இப்பவே பேப்பர் போடச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இப்படி யாராவது போட்டுவிட்டு மாட்டியிருக்கீங்களா? கெடு வைத்து மெயில் அனுப்பினால் கழற்றி விட்டுவிடுவார்களா? கங்கைகொண்டான், தென்காசி பக்கம் ஜாவாவுக்கு ஆள் எடுத்தாலும் சொல்லுங்க, ரெஸ்யூமே அனுப்புகிறேன்.