பல் கட்டியும் புதுப் பல்லும் ஒரே செல் பாதையிலா?

கேள்வி:
அமெலோபிளாஸ்டோமா என்னும் தாடைக்கட்டி, எனாமலை உருவாக்கும் எபிதீலிய (மேற்படலத் திசு) செல்வழியிலிருந்தே தோன்றுகிறது எனில், பல்லை மீண்டும் முளைக்கச் செய்யும் ஆய்வுகள் கட்டியையும் தூண்டிவிடாதா?

மறுமொழி 1:
இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையில் வரும் இக்கட்டிகள் பெரும்பாலானவற்றில் பிராஃப் (BRAF) என்னும் செல்பெருக்க மரபணுவின் வி600இ (V600E) எனப்படும் திடீர்மாற்றம் இருப்பது 2014இல் வெளியானது. அது செல்கள் பெருகுவதற்கான கட்டளையை நிறுத்தாமல் ஓடவிடும் பழுது. கியோட்டோவில் 2024இல் மனிதச் சோதனைக்கு வந்த மருந்தோ, பல் வளர்ச்சியை அடக்கிவைக்கும் யூசாக்-1 (USAG-1) புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருள். அது எந்த மரபணுவையும் மாற்றுவதில்லை.

மறுமொழி 2:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுமையாக அல்ல. யூசாக்-1 அடக்கிவைப்பது, பல் வளர்ச்சியைத் தூண்டும் பிஎம்பி (BMP), விண்ட் (Wnt) என்னும் செல் சமிக்ஞைகளை. எலிகளின் வாய் எபிதீலியத்தில் விண்ட் பாதையை மிகையாக இயக்கினால் கூடுதல் பற்கள் முளைப்பதும், விண்ட் பாதைக்குக் கடிவாளமான ஏபிசி (APC) மரபணு பழுதுபட்ட கார்ட்னர் நோய்க்குறி என்னும் பரம்பரை நோயில் ஓடோன்டோமா என்னும் பல்திசுக் கட்டி தோன்றுவதும் தெரிந்தவையே. ஆகவே மருந்தளவும் அது செயல்படும் காலமுமே என் கவலை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பங்கேற்போரின் தாடையை எக்ஸ்-ரே மூலம் நீண்டகாலம் கண்காணிப்பது அவசியமாகிறதல்லவா?