பொபிள் தையலுக்குத் தமிழில் ஒரு பெயர்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வெள்ளவத்தை ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை குரோசே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலை) வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு செய்முறைத்தாள் தயாரிக்கிறேன். வெள்ளி மத்தியானத்துக்குள் போட்டோகொப்பிக் கடைக்குக் கொடுக்க வேண்டும். சங்கிலித் தையல் வரைக்கும் பிரச்சினை இல்லை, பெயரைச் சொன்னதும் விளங்கிவிடுகிறது. இந்த வாரம் பொபிள். குழந்தைப் போர்வைகளில் உருண்டை உருண்டையாக எழும்பி நிற்குமே, அது.

ஒரே துளைக்குள் ஐந்து ட்ரெபிள் (ஊசியில் நூலை ஒரு தரம் சுற்றிப் போடும் தையல்) போட வேண்டும். ஆனால் ஒவ்வொன்றிலும் கடைசி இழுப்பை விட்டுவைக்க வேண்டும். ஐந்தும் முடிய ஊசியில் ஆறு வளையம் நிற்கும். நூலைச் சுற்றி ஆறுக்குள்ளாலும் ஒரேயடியாக இழுத்தால் ஐந்தின் தலையும் ஒன்றாகிவிடும், உடம்பு புடைத்துக்கொள்ளும். அடுத்து ஒரு குட்டைத் தையலை இறுக்கிப் போட்டால்தான் புடைப்பு நிமிர்ந்து நிற்கும். புதியவர்களைக் குழப்புவது வேறொன்று: புடைப்பு நம் பக்கம் வராது, மறுபக்கம் தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் துணியின் பின்பக்கம் நம்மைப் பார்க்கும் வரிசையில் இதைப் போடுகிறோம். இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது யாராவது, "அதுசரி ரீச்சர், பொபிள் என்றால் என்ன?" என்று கேட்பார்கள். ஒரு சொல் தாருங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

பொபிள் என்றே போடுங்கள். வீட்டுக்குப் போய் யூடியூப்பில் தேடப் போகிறவர்கள். நீங்கள் தரும் தமிழ்ப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு வீடியோவும் வராது.

பெயரைவிடப் பெரிய தலையிடி ஒன்று இருக்கிறது. நாங்கள் பழகியது பிரித்தானியப் பெயர்கள். பிள்ளைகள் பார்ப்பது அமெரிக்க வீடியோக்கள். நாம் டபிள் என்பதை அவர்கள் சிங்கிள் என்கிறார்கள், நம் ட்ரெபிள் அவர்களுக்கு டபிள். அமெரிக்க டபிள் என்று எழுதியிருப்பதை நம் டபிளாக எடுத்துப் போட்டால் உருண்டை எழும்பாது, தட்டையாகக் கிடக்கும். தாளின் தலைப்பிலேயே இதை எழுதுங்கள். சொல் பிறகு.

தெகிவளை ஐயா எழுதியது:

பொபிள் என்றே விட்டால் தமிழ்ச் சொல் தேடும் இந்தக் குழு எதற்கு?

முதலில் 'தையல்' பிழை. தைப்பதென்றால் ஊசி துணியைத் துளைக்க வேண்டும். இங்கே துணியே இல்லை, நூல்தான் துணியாகிறது. குரோசே என்பதே பிரெஞ்சில் சிறு கொக்கி, ஊசி அல்ல. தையல் என்பதற்குப் பெண் என்றும் பொருள் உண்டு. "தையல்சொல் கேளேல்" என்ற ஆத்திசூடி அடியை எழுதி உங்கள் வகுப்பில் ஒட்ட முடியுமா? வளையத்துக்குள் வளையம் இழுப்பதால் 'கண்ணி' என்பதே சரி. வலைக்குக் கண்ணி உண்டு, பூவால் கட்டினாலும் கண்ணி.

புடைத்த கண்ணிக்கு என் பரிந்துரை 'மொக்குள்'. முகை, முகிழ், மொக்கு, மொட்டு எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் எண்ணம். "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்கிறது 1274ஆம் குறள். நாலடியாரில் "படுமழை மொக்குளின் பல்காலும் தோன்றி" என்று வருமிடத்தில் அது நீர்க்குமிழி. அரும்பும் அதுவே, குமிழியும் அதுவே. ரீச்சர் சொல்லும் பொருள் அரும்புபோலக் கூம்பி, குமிழிபோலப் புடைக்கிறது. 'மொக்குட்கண்ணி' என்றால் எவ்வளவு வடிவாக இருக்கிறது!

மருதானை தம்பி எழுதியது:

> முகை, முகிழ், மொக்கு, மொட்டு எல்லாம் ஒரே குடும்பம்

ஐயா, குறள் எல்லாம் சரி. ஆனால் நம் ஊரில் மொக்கு என்றால் முட்டாள் என்று தெரியும்தானே? "நான் போட்டது மொக்குத் தையலா ரீச்சர்?" என்று முதல் நாளே கேட்டு அழப் போகிறார்கள். 'ள்' போட்டால் அது 'மொக்குகள்' என்றுதான் காதில் விழும்.

குமிழ் எப்படி? மின்குமிழ் எல்லோர் வீட்டிலும் எரிகிறது. குமிழ்முனைப் பேனா என்று பள்ளிக்கூடத்திலேயே எழுதிப் பழகிவிட்டோம். குமிழ்த்தையல். முடிந்தது.

சென்னை நண்பர் எழுதியது:

மொக்கு என்றால் எங்களுக்கு அரும்பு மட்டும்தான், திட்டுவதற்கு 'மொக்கை' இருக்கிறது. ஆக இரு கரையிலும் ஆபத்து. குமிழுக்கு என் ஓட்டு. மின்குமிழ் எங்களிடம் இல்லை, பல்புதான். ஆனால் வானொலியைத் திருகும் குமிழ், கதவுக் குமிழ் உண்டு. அதுவும் உருண்டைதானே. நுணுக்குக்காட்டியா நுண்ணோக்கியா, துணிக்கையா துகளா என்று நாம் பிரிந்து நிற்காத அபூர்வமான இடம் இது.

வத்தளை எழுதியது:

கண்ணி வேண்டாம். தெகிவளை ஐயாவின் இலக்கணத்தில் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பின்னால் 'வெடி' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். "அடுத்த கண்ணியில் கொக்கியை விடுங்கள்" என்று எழுதிய தாளை அம்மாவிடம் காட்ட எனக்கு மனமில்லை.

தெகிவளை ஐயா எழுதியது:

வத்தளைத் தங்கச்சி சொல்வதை ஏற்கிறேன். கண்ணியை விட்டுவிடுகிறேன். தாயுமானவரின் பராபரக்கண்ணியையும் நினைத்துக்கொண்டுதான் விடுகிறேன்.

மொக்குளை விடவில்லை. தம்பி அதைப் பன்மையாகக் கேட்கிறார். சிலர் குறளில் அதை மொக்கு + உள் என்று பிரித்து 'அரும்புக்குள்' என்றும் படிக்கக்கூடும். "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்" என்ற நன்னூல் விதிப்படி அப்படிப் பிரிய இடமுண்டு. ஆனால் பிறகு 'உள்ளது' என்று இன்னொரு உள் எதற்கு? நாலடியார் மொக்குளையோ அப்படிப் பிரிக்கவே முடியாது, மழை நீரில் அரும்பு ஏது? ஆகவே தனிச்சொல்தான். பேச்சில் ஒரு வசை இருக்கிறது என்பதற்காகப் பழைய சொல்லைப் பலி கொடுப்பதா? பயன்படுத்தினால்தான் வசை தேயும்.

இன்னொன்று. செய்முறைத்தாளின் மாதிரியில் லேஸுக்கு 'ரேந்தை' என்று ஓரிடத்தில் பார்த்தேன். அது போர்த்துக்கேயரின் 'ரெந்தா'. அதையாவது மாற்றுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

ஐயா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கதிரையிலிருந்து எழும்பி, துவாயையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பிறகு ரேந்தைக்கு வரட்டும். நான்கும் போர்த்துக்கேயம். காலியில் தலையணை மேல் ஊசிகளைக் குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் பீரலு வேலைக்குச் சிங்களத்திலும் ரேந்தைதான் பெயர். நூலோடு வந்த சொல், நூலோடு இருக்கட்டும்.

வெள்ளவத்தை ரீச்சர் எழுதியது:

இன்று புதன். ஒரு சொல் கேட்டேன். உண்மையில் எனக்கு மூன்று வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. பொபிளைக் குமிழ் என்றால் பஃப், பொப்கோன் இரண்டையும் என்ன செய்வது? பார்த்தால் மூன்றும் உருண்டை, செய்யும் விதம் வேறு. பஃபில் தையலை முடிப்பதே இல்லை. நூலைச் சுற்றி, துளைக்குள் விட்டு, நீளமாக ஒரு வளையம் எடுக்கிறோம். ஒரே துளைக்குள் அப்படி மூன்று தரம் எடுத்தால் ஊசியில் ஏழு வளையம், எல்லாவற்றுக்குள்ளாலும் ஒரே இழுப்பு. தொட்டால் பஞ்சு. பொப்கோனில் ஐந்தையும் முழுதாக முடித்து, ஊசியை வளையத்திலிருந்து கழற்றி, முதல் தையலின் தலைக்குள் முன்னிருந்து பின்னாக விட்டு, கழற்றிய வளையத்தை அதற்குள்ளால் இழுக்கிறோம். மூன்றிலும் அதுதான் கெட்டி. நூலையும் நிறைய விழுங்கும். புறக்கோட்டையில் வாங்கிய ஒரு பந்துப் பருத்தி நூல் போதுமென்று நினைத்துத் தொடங்குபவர்களுக்கு இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

மருதானை தம்பி எழுதியது:

பொப்கோன் ஏற்கெனவே சோளப்பொரி. பொரித்தையல். பஃப் உப்பல். மூன்றுக்கும் பொதுப்பெயர் கொத்துத் தையல்.

வத்தளை எழுதியது:

கொத்து வேண்டாம் தம்பி, பசிக்கிறது. மாலை வகுப்பு என்றால் ரொட்டிக் கடைச் சத்தம்தான் கேட்கும். பொரித்தையலிலும் எண்ணெய் மணக்கிறது.

மருதானை தம்பி எழுதியது:

சரி, அதை விடுங்கள். அக்கா சொன்ன சிங்கிள், டபிள் குழப்பத்துக்கு ஒரு யோசனை. துளைக்குள் விடுமுன் ஊசியில் நூலை எத்தனை தரம் சுற்றுகிறோமோ, அதையே பெயராக்கினால் என்ன? நம் டபிள் சுற்றில்லாத் தையல், ட்ரெபிள் ஒருசுற்றுத் தையல், அதற்கடுத்தது இருசுற்று. பிரித்தானியாவும் வேண்டாம், அமெரிக்காவும் வேண்டாம். நான் மென்பொருள் மொழிபெயர்ப்பவன், இப்படி ஒரு வாய்ப்பு எங்களுக்குக் கிடைப்பதே இல்லை.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

நல்ல யோசனை, ஹாஃப் ட்ரெபிள் வரும்வரை. அதற்கும் ஒரு சுற்றுத்தான். வித்தியாசம் இழுப்பில் இருக்கிறது: ட்ரெபிளில் இரண்டு இரண்டாகக் கழற்றுகிறோம், இதில் மூன்றையும் ஒன்றாக. 'அரைச்சுற்று' என்று எழுதினால் பிள்ளைகள் நூலைப் பாதி சுற்றிவிட்டு முழிப்பார்கள்.

சென்னை நண்பர் எழுதியது:

'ஒருசுற்று' என்றும் 'ஒருசுற்று ஓரிழுப்பு' என்றும் பிரிக்கலாமே?

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு வரிசை பின்னிவிடுவேன்.

வெள்ளவத்தை ரீச்சர் எழுதியது:

வியாழன் இரவு. தாளை முடித்துவிட்டேன். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் குமிழ் பக்கம் நின்றதால் 'குமிழ்த்தையல்' என்று போட்டு, பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் பொபிள் என்றும் போட்டிருக்கிறேன். தேடுபவர்கள் அதைச் சொல்லித் தேடலாம். தையல், ரேந்தை இரண்டும் இருக்கின்றன. சுற்றுப் பெயர்களை எடுக்கவில்லை. பிரித்தானிய, அமெரிக்கப் பெயர்களை எதிரெதிராக ஒரு கட்டத்தில் எழுதிவிட்டேன். பஃபும் பொப்கோனும் அடுத்த தாளில்தான் வரும், அதுவரை அவற்றுக்குப் பெயர் இல்லை. எல்லோருக்கும் நன்றி.

தெகிவளை ஐயா எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. வருகிற தாளில் பஃபுக்காவது மொக்குளை எடுத்துப் பாருங்கள்.

குமிழ் என்றே போவதானாலும் 'த்' எதற்கு? குமிழ்தல் வினையுமாகும். குமிழ்ந்த, குமிழ்கின்ற, குமிழும் தையல் என்று விரித்தால் வினைத்தொகை, வல்லினம் மிகாது. வீழ்படிவு என்று எழுதுகிறோமே தவிர வீழ்ப்படிவு என்று எழுதுவதில்லை. 'குமிழ்தையல்' என்றிருக்க வேண்டும்.

மருதானை தம்பி எழுதியது:

குமிழ் போன்ற தையல் என்று விரித்தால் மிகும், ஐயா.

தெகிவளை ஐயா எழுதியது:

போன்ற என்று எங்கே இருக்கிறது? அது குமிழேதான் என்றல்லவா ரீச்சர் சொன்னார்?

வெள்ளவத்தை ரீச்சர் எழுதியது:

போட்டோகொப்பி எடுத்தாயிற்று. 'த்' உடன்.