ஃப்ளஷ் டேங்க் உள்ளே செங்காவிக் கறை, தண்ணீரும் நிற்காமல் ஒழுகுது. ஆசிட் ஊற்றலாமா?

மாடிவீட்டுக்காரி:
ஆவடிப் பக்கம் வாடகை வீடு, முழுக்க போர் தண்ணீர். வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மேலே சுவரில் மாட்டின 10 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். நாலு வருஷமா மூடியைத் திறந்ததே இல்லை. ஒரு வாரமா, ஃப்ளஷ் பண்ணி முடிச்ச பிறகும் நூல் மாதிரி தண்ணீர் இறங்கிக்கிட்டே இருக்கு. நேற்று திறந்து பார்த்தேன். சுவரெல்லாம் செங்காவி, தொட்டால் வழவழன்னு விரலில் ஒட்டுது. காலையில் ரெண்டு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் போட்டேன், கறை அசையலை. கடைக்காரர் ஆசிட் ஊற்றச் சொல்றார். ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கிற வீடு, பயமா இருக்கு.

தாமரைக்குளம்:
ஆசிட் வேண்டவே வேண்டாம்மா! பிளீச்சிங் பவுடர் கிடக்கிற தண்ணீரில் ஆசிட் விழுந்தா குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூம், மூச்சு முட்டிடும். முதல்ல ஜன்னலைத் திறந்து வெச்சு, ஐந்தாறு தடவை ஃப்ளஷ் பண்ணி அதை முழுக்க வெளியேத்துங்க.

குழாய்வேலை அண்ணன்:
அவங்க சொன்னதை முதல்ல செஞ்சிடுங்க. அது இரும்புக் கறை தங்கச்சி. போர் தண்ணீர் குழாயில் வரும்போது தெளிவாத்தான் இருக்கும்; காற்று பட்டதும் அதில் கரைஞ்சிருக்கிற இரும்பு துருவா மாறிப் படியும். பிளீச்சிங் பவுடர் அதைக் கரைக்காது, இன்னும் அழுத்தமாப் பிடிக்க வைக்கும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட் தூள்; கடைக்காரர் சொன்ன ஆசிட் இல்லை) கேளுங்க. டேங்க் பக்கத்தில் தண்ணீரை அடைக்கிற சின்னக் குழாயை (ஆங்கிள் காக்) மூடி, ஃப்ளஷ் பண்ணி டேங்கைக் காலி பண்ணுங்க. கையுறை போட்டுக்கிட்டு, ரெண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் கரைங்க. டேங்கை நிரப்பி ஊறவைக்கலாம்னு பலரும் சொல்வாங்க, ஆனா உங்க டேங்க் ஒழுகுதே, எப்படி நிற்கும்? பழைய பனியன் துணியை அதில் நனைச்சு உள்சுவரில் ஒட்டி வைங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ங்க. கம்பி நார் வேண்டாம், பிளாஸ்டிக் கீறினா அடுத்த கறை அந்தக் கீறலில்தான் பிடிக்கும்.

ஒழுகலுக்குக் காரணம் அடியில். நடுவில் நிற்கிற வால்வைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினா பெரும்பாலும் கழண்டு வரும், முரண்டு பிடிச்சா விட்டுடுங்க. அடியில் இருக்கிற ரப்பர் வாஷரையும் அது உட்காருகிற விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்க. ரப்பர் கெட்டியாகியிருந்தா அதையே கடைக்கு எடுத்துட்டுப் போய் அதே அளவு வாங்குங்க.

மாடிவீட்டுக்காரி:
அண்ணா, வால்வு கழண்டது! விளிம்பில் மிளகு அளவு உப்புப் பொருக்கு ஒட்டியிருந்தது. அந்த ஈரத்துணியை அரை மணி நேரம் அது மேலே வெச்சதும் நகத்தால் தள்ள வந்துடுச்சு. ரப்பர் மெத்துனுதான் இருக்கு. சுவர் முக்கால்வாசி வெள்ளை. ஒழுகல் நின்ன மாதிரிதான் தெரியுது, உறுதியா எப்படித் தெரிஞ்சுக்கிறது?

குழாய்வேலை அண்ணன்:
துணிக்குப் போடுற சொட்டு நீலம் பத்துச் சொட்டு டேங்கில் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம இருங்க. கீழே பீங்கானில் நீலம் தெரிஞ்சா இன்னும் கசியுதுன்னு அர்த்தம். இனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து துடைங்க. அந்த இரும்பு மொட்டைமாடி டேங்க் அடியிலும் படிஞ்சு கிடக்கும், அதையும் கழுவச் சொல்லுங்க.

மாடிவீட்டுக்காரி:
முக்கால் மணி நேரம் ஆச்சு, நீலம் இறங்கலை. ரொம்ப நன்றிண்ணா. மாடி டேங்க் விஷயமா வீட்டுக்காரம்மாகிட்ட இப்பவே பேசிடறேன்.